தண்ணீர் வராத வாரம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தீபாவளிக் கூட்டம் ஓய்ந்து, தெருவில் கட்டியிருந்த அலங்கார விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்த சமயம். கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில், நாங்கள் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டில் தொடங்கிய சம்பவம் இது. நெருங்கியவர்களிடம்கூட இதை நான் முழுதாகச் சொன்னதில்லை.

என் கணவருக்கு இங்கே ஒரு கணினி நிறுவனத்தில் வேலை கிடைத்ததால் கோயம்புத்தூரை விட்டு வந்தோம். அங்கே நான் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள். இங்கே எனக்குக் கொடுத்த விசாவில் வேலைக்குப் போக அனுமதி இல்லை. “பிரிக்பீல்ட்ஸா? அப்புறம் என்ன கவலை, தடுக்கி விழுந்தால் தமிழ்க் கடை” என்று கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான். கீழே இறங்கினால் மல்லிகைப்பூ உண்டு, வாழையிலைச் சாப்பாடு உண்டு, புடவைக் கடை வாசலில் சத்தமாகத் தமிழ்ப் பாட்டு உண்டு. ஆனால் கடையில் பேசுகிற பேச்சு, பையை வாங்கிக்கொண்டு திரும்பியதும் முடிந்துவிடும். காலையில் கணவர் கிளம்பினால் மாலை அவர் வரும்வரை என் குரலை நானே கேட்காத நாட்கள் இருந்தன.

சோர்வு என்பது வேலை செய்து வருவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வேலையே இல்லாமலும் ஒருத்தி அப்படிச் சோர்ந்துபோகலாம் என்று இங்கே வந்துதான் தெரிந்தது. ரயிலுக்கு எந்த அட்டையைத் தட்டுவது, குப்பையை எந்தத் தளத்தில் போடுவது, யாரை அக்கா என்பது, யாரை ஆன்டி என்பது என்று ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக யோசித்தே மதியத்துக்குள் களைத்துவிடுவேன்.

எதிர் வீட்டில் ஒரு பெண் தனியாக இருந்தார். மலேசியத் தமிழர். நாற்பத்தைந்து வயது சொல்லலாம். தொலைவில் ஷா ஆலம் நகரில் ஏதோ அலுவலகத்தில் வேலை. விடிவதற்குள் காரை எடுப்பார், இருட்டிய பிறகு வருவார். அவருடைய இரும்புக் கதவு சாத்தப்படும் சத்தத்தைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும், முகத்தை அல்ல. ஒருமுறை லிப்டில், “இந்தியாவுல இருந்து வந்தவங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “ஓ” என்றார். அவ்வளவுதான். அந்த ‘ஓ’வுக்கு என்ன பொருள் என்று பல நாள் வீட்டுக்குள் உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறேன். நம்மைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டு, அதன் பிறகு அவர் லிப்டுக்கு நிற்பதைப் பார்த்தால் நான் சற்றுத் தாமதித்துப் போவேன்.

இந்த நிலையில்தான் நான் கருவுற்றேன். திருமணமாகி ஆறு வருடம் கழித்து. மூன்று மாதம் முடியட்டும், பிறகு ஊருக்குச் சொல்லலாம் என்று நாங்கள் இருவரும் பேசி வைத்திருந்தோம். என் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

மூன்றாவது மாதம் தொடங்கியபோது கணவர் அலுவலக வேலையாகக் கூச்சிங் போக வேண்டி வந்தது. விமானத்தில் கடலைத் தாண்டிப் போகிற தூரம். ஒரு வாரம்தானே, சமாளித்துக்கொள்வேன் என்று நான்தான் அனுப்பிவைத்தேன்.

அவர் போன மறுநாள் லிப்டில் மலாய் மொழியில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். மலாயை ஆங்கில எழுத்தில்தான் எழுதுவார்கள். அதில் பெரிதாக இருந்த ஒரு சொல்லை நான் ஆங்கிலமாக நினைத்து ‘ஏர்’ என்று படித்தேன். ஏதோ ஏர்கண்டிஷனர் பழுதுபார்க்கிறார்கள் போல, நமக்கென்ன என்று விட்டுவிட்டேன். அந்தச் சொல்லை ‘ஆயேர்’ என்று படிக்க வேண்டும், அதற்குத் தண்ணீர் என்று பொருள் என்பதெல்லாம் வெள்ளிக்கிழமை காலை குழாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது. ஓர் இருமல் சத்தம் வந்தது. தண்ணீர் வரவில்லை. கட்டடம் முழுக்க எல்லோரும் முதல் நாளே தொட்டி, வாளி, பானை என்று பிடித்து வைத்திருந்தார்கள். என் வீட்டில் குடிக்க இருந்த இரண்டு பாட்டில் தவிர ஒன்றும் இல்லை.

அன்றைய பொழுதைக் கடையில் வாங்கிய தண்ணீரில் ஓட்டினேன். கழிப்பறைக்கு என்ன செய்வது? சனிக்கிழமை மதியம் தண்ணீர் லாரி வந்திருப்பதாகக் காவலாளி சொல்ல, நானும் இரண்டு சின்ன வாளிகளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். நல்ல வெயில். வரிசையில் சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று எல்லோரும் நின்றார்கள். ஒருவரும் பேசவில்லை. எல்லோர் முகத்திலும் வாரம் முழுக்க வேலைக்குப் போய்வந்த களைப்பு. வாளிகள் நிறைந்து திரும்பினால் இரண்டு லிப்டில் ஒன்று வழக்கம்போல ஓடவில்லை. இன்னொன்றின் முன்னால் தள்ளுவண்டியும் பீப்பாயுமாகப் பெருங்கூட்டம். நிற்கத் தெம்பில்லாமல், மெதுவாகப் படியேறிவிடலாம் என்று நினைத்தேன். எங்கள் வீடு ஒன்பதாவது மாடி.

ஐந்தாவது மாடித் திருப்பத்தில் அடிவயிற்றில் சுருக்கென்று இழுத்தது. வாளிகளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். எழுந்திருக்கப் பார்த்தபோது, உட்கார்ந்த படியில் இரத்தம்.

கத்தவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கைபேசி மேலே வீட்டில் இருந்தது. படிக்கட்டின் கனத்த கதவுக்கு அப்பால் ஆட்கள் நடமாடும் சத்தம் கேட்டது. யாரை, என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அந்த இரண்டு வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மேலேயிருந்து செருப்புச் சத்தம் வந்தது. எதிர் வீட்டுப் பெண். தோளில் ஒரு துண்டு, கையில் காலி வாளி.

“ஏன் இங்க உக்காந்திருக்கீங்க? லிப்டு வரும் லா, கொஞ்சம் நின்னா” என்று இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் ‘லா’வோடு சொன்னபடியே இறங்கியவர், படியைப் பார்த்துவிட்டார். வாளியை அப்படியே வைத்தார்.

“எத்தன மாசம்?”

“மூணாவது.”

“வீட்டுக்காரரு எங்க?”

“கூச்சிங்ல.”

“வேற யாரும் இல்லியா இங்க?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“நான் இருக்கேன்தானே. எந்திரி. மெதுவா. என்னைப் புடிச்சிக்க.”

தோளில் கிடந்த துண்டை என் இடுப்பில் சுற்றிக் கட்டினார். கீழே இறங்கி அவர் காரில் ஏறும்போது, சீட் அழுக்காகிவிடும் என்று நான் தயங்கினேன். “சீட்டப் பத்தி இப்ப யாரு கேட்டா? சாஞ்சி படு” என்று அதட்டினார். மருத்துவமனை பக்கம்தான், ஆனாலும் சாலை நிறையக் கார்கள். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் ஒரு கையைப் பின்னால் நீட்டி என் முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பெயர்கூட அப்போதுதான் கேட்டார்.

பதிவு செய்யும் இடத்தில் மலாயில் ஏதோ கேட்டார்கள். அவர் சொன்ன பதிலில் ‘காகாக்’ என்ற ஒரு சொல்தான் எனக்குப் புரிந்தது. அக்கா. நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டிருக்கிறார்கள்.

ஸ்கேன் செய்த பெண் மருத்துவர் திரையை என் பக்கம் திருப்பவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. குழந்தையின் இதயத் துடிப்பு சில நாட்களுக்கு முன்பே நின்றுவிட்டிருக்கிறது, நீங்கள் தண்ணீர் தூக்கியதால் அல்ல, நீங்கள் எதுவும் தவறாகச் செய்யவில்லை என்று அவர் ஆங்கிலத்தில் பொறுமையாகச் சொன்னார். நான் திரும்பத் திரும்ப அதையே கேட்டேன். தண்ணீர் தூக்கியதால் இல்லையா? படியேறியதால் இல்லையா? மருத்துவர் போன பிறகும் கேட்டேன்.

“இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. திரும்பத் திரும்ப உன்னையே குத்திக்காத” என்றார் அக்கா. அந்த நேரத்திலிருந்து என் மனதில் அவர் அக்கா ஆகிவிட்டார்.

கணவரிடம் அவர்தான் போனில் பேசினார். கணவருக்கு மறுநாள்தான் விமானத்தில் இடம் கிடைத்தது. மறுநாள் காலை கருவை அகற்றும் சிகிச்சைக்கு என்னை அழைத்துப் போனபோதும் அக்கா வந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்க்கில் சூடான மைலோ பானம், ஒரு டப்பாவில் கஞ்சி. தலைமுடி எண்ணெய்ப் பிசுக்கோடு இறுக்கிக் கட்டியிருந்தது. வாரத்தில் அவருக்குக் கிடைக்கும் ஒரே முழு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை அது. நான் கண் விழித்தபோது பிளாஸ்டிக் நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

மதியம் வீட்டுக்கு அழைத்துவந்தார். என் கதவைத் திறக்கப் போனேன்.

“உன் வீட்டுல ஒரு சொட்டு இல்ல. இங்க வா.”

அவர் வீட்டுக்குள் அன்றுதான் முதல்முறை காலெடுத்து வைத்தேன். என் வீட்டைப் போலவேதான் இருந்தது. குளியலறையில் ஒரு நீலப் பீப்பாய், அதில் பாதிக்கும் கீழே தண்ணீர். அதிலிருந்து மொண்டு ஒரு பெரிய பானையில் ஊற்றி அடுப்பில் வைத்தார். குளிப்பாட்டப் போகிறார் என்று புரிந்ததும் எனக்குப் பதறிவிட்டது.

“அக்கா, வேண்டாம். உங்களுக்கே பத்தாது. நான் ஈரத்துணியில தொடச்சிக்கிறேன்.”

“பேசாம உக்காரு. இந்த நேரத்துல உடம்புக்குச் சுடுதண்ணி ஊத்தணும். உங்கம்மா இங்க இருந்தா ஊத்த மாட்டாங்களா?”

“உங்களுக்கு?”

“நான் ஆபீஸ்ல போய்க் குளிச்சிக்குவேன் லா.”

பிளாஸ்டிக் முக்காலியில் உட்காரவைத்து, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீரைத் தோளிலும் முதுகிலும் இடுப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ஒரு கோப்பைகூட வீணாகாமல், அதே சமயம் கஞ்சத்தனமும் இல்லாமல் ஊற்றினார். காலில் காய்ந்திருந்த இரத்தத்தைத் தன் கையால் கழுவினார். ஊரே தண்ணீருக்கு வெயிலில் வரிசையில் நிற்கிற நேரத்தில், என் உடம்பு மேல் வெந்நீர் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. மருத்துவமனையில் வராத அழுகை அப்போதுதான் வந்தது. சத்தமாக வந்தது. வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டேன்.

“அழு மா” என்றார். “இந்தக் கட்டடத்துல யாருக்கும் எதுவும் கேக்காது.”

பிறகு தன் கைலி ஒன்றையும் சட்டையையும் உடுத்தக் கொடுத்து, ரசம் ஊற்றிச் சோறு போட்டார். சாப்பிடும்போது பேசினோம். அவரும் ஈப்போவிலிருந்து வேலைக்காக இங்கே வந்தவர்தானாம். “வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. இந்த மாடில ஒரு வீட்டுக்குள்ளகூடப் போனதில்ல. காலைல போறேன், ராத்திரி வரேன். ரோட்டு ஜேம்ல உக்காந்தே பாதி உயிர் போயிடுது. வந்து கதவச் சாத்துனா போதும்னு இருக்கும்” என்றார்.

லிப்டில் அவர் சொன்ன ‘ஓ’வைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு அது நினைவிலேயே இல்லை. “நீங்கல்லாம் படிச்சு பெரிய வேலைக்கு வர்றவங்க. எங்க தமிழக் கேட்டா சிரிப்பீங்கன்னு நெனச்சி வாய மூடிக்கிட்டிருப்பேன்” என்றார். அவர் பேசாமல் ஒதுங்கியதற்கும் நான் பேசாமல் ஒதுங்கியதற்கும் காரணம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்திருக்கிறது.

“அது சரி, நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்களே, நீ ஏன் தண்ணி புடிச்சி வைக்கல?” என்று கேட்டார். ‘ஏர்’ என்று படித்த கதையைச் சொன்னேன். ஒரு கணம் என்னையே பார்த்தவர், அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தேன். அன்றைக்கு எனக்குச் சிரிக்க வரும் என்று நினைக்கவேயில்லை.

மாலையில் கணவர் வந்து சேர்ந்தார். செவ்வாய்க்கிழமை குழாயில் முதலில் செம்மண் நிறத்திலும் பிறகு தெளிவாகவும் தண்ணீர் வந்தது. அதுவரை அக்கா எப்படிச் சமாளித்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்டபோது, “அதெல்லாம் பழக்கம்” என்று முடித்துக்கொண்டார்.

அதன் பிறகு நாங்கள் இணைபிரியாத தோழிகள் ஆகிவிட்டோம் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அவர் இப்போதும் விடிவதற்குள் கிளம்புகிறார், களைத்துப்போய்த் திரும்புகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது கூடுதலாகச் சமைத்தால் கதவைத் தட்டிக் கொடுத்துக்கொள்வோம். நின்று கொஞ்ச நேரம் பேசுவோம். எங்களுக்கு இன்னும் குழந்தை பிறக்கவில்லை. சில நாட்கள் இந்த ஊர் இப்போதும் என்னை அலுக்க வைக்கிறது.

பல மாதங்கள் கழித்துத்தான் நடந்ததை அம்மாவிடம் போனில் சொன்னேன். நேரில் சொல்ல நினைத்துத் தள்ளிப்போட்டு, ஒருநாள் தாங்காமல் சொல்லிவிட்டேன். அம்மா, “யாருடி உனக்குத் தண்ணி ஊத்துனது?” என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். “அந்தப் புள்ளைகிட்டக் கொஞ்சம் போனக் குடு” என்றாள். நான் போய்க் கதவைத் தட்டி, போனை அக்காவிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அவர்கள் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. திரும்பி வந்து போனைக் கொடுத்தபோது அக்காவின் கண்கள் சிவந்திருந்தன.

இந்த ஊர் எனக்கு இன்னும் சொந்த ஊர் ஆகவில்லை. ஆனாலும், பெற்ற தாய் அருகில் இல்லாத நேரத்தில் அவள் செய்திருக்க வேண்டியதைத் தன் கையால் செய்த ஒருத்தி எதிர் வீட்டில் இருக்கும்வரை, இதை அந்நிய ஊர் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.