அறுநூறு போதும்

வெர்லா டிட்மர் இருபத்திரண்டு வருஷமாக மெக்கானிக் வேலை, பள்ளிப் பேருந்துகளுக்கு அடியில் படுத்துச் சம்பாதித்தவள். இந்தியானாவில் எங்கள் மாவட்டத்தின் மஞ்சள் பேருந்துகள் ஜனவரிப் பனியிலும் மக்கர் பண்ணாமல் கிளம்பின என்றால், அது அவள் கைவேலை. ஆனால் எங்கள் கார் பந்தயச் சங்கத்துக்கு அவள் வெறும் ஆர்லன் பெண்டாட்டி. சங்கக் கொட்டகைச் சுவரில் வண்டி ஓட்டுகிறவர்களின் பெயர்ப்பலகை இருக்கிறது. அதில் ஆர்லன் பெயர் இருந்தது. வெர்லாவைப் பக்கத்தில், சங்க விருந்துக்கு யார் என்ன சமைத்துக் கொண்டுவருவது என்ற சமையல் பட்டியலில்தான் தேட வேண்டும். உருளைக்கிழங்கு சாலட்டுக்கு எதிரே, 'திருமதி ஆர்லன்' என்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டில் மாரடைப்பு வந்து ஆர்லன் போய்ச் சேர்ந்தான். அவன் விட்டுப்போனது ஒரு நீல ஷெவெல் கார். அறுபத்தொன்பதாம் வருஷத்து வண்டி, முந்நூற்றைம்பது கன அங்குல எஞ்சின், அதன் தலையில், காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கிற எழுநூற்றைம்பது கார்புரேட்டர். நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காற்றை உள்ளே விடும் என்பதுதான் அந்த எண். எங்கள் ஊர் ஆம்பளைகளுக்கு இதில் ஒரு வியாதி. எஞ்சின் எதுவானால் என்ன, கார்புரேட்டர் மட்டும் பக்கத்து வீட்டுக்காரனுடையதைவிடப் பெரிசாக இருக்க வேண்டும். சங்கத் தலைவன் லொவெல் ஸ்டைனர் அதே அளவு எஞ்சினில் எண்ணூற்றைம்பதைத் தூக்கி வைத்திருந்தான். கேட்டால் மீசையைத் தடவுவான்.

வெர்லா ஒரு ஞாயிற்றுக்கிழமை விதைக்கடைக் காலண்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் முந்நூற்றைம்பது அங்குலத்தையும் காற்றால் நிரப்பிக்கொள்ளும். அதிகபட்சம் நிமிஷத்துக்கு ஐயாயிரத்து ஐந்நூறு சுற்று. பெருக்கி வகுத்தால் ஐந்நூற்று ஐம்பத்தேழு கன அடி. அதுவும் நெஞ்சு முட்ட மூச்சிழுத்தால். தெருவில் ஓடுகிற எந்த எஞ்சினும் அப்படி இழுக்காது, நானூற்றைம்பது எழுபதோடு சரி. அறுநூறு போட்டாலே தாராளம். அதற்கு மேல் போனால் வாய் அகலமாகிக் காற்று மந்தமாகிவிடும். தோட்டத்துக் குழாயைக் கட்டைவிரலால் அழுத்தினால்தானே தண்ணீர் பீய்ச்சும்? காற்று வேகமாகப் போனால்தான் பெட்ரோல் பொடிப்பொடியாகும். இல்லாவிட்டால் கிளம்பும்போது எஞ்சின் திணறும். ஆர்லனின் வண்டி எட்டு வருஷம் திணறியது. எட்டு வருஷம் அவளும் சொன்னாள். அவன் கேட்கவில்லை. அவன்மேல் உயிரையே வைத்திருந்தாள், ஆனால் அந்த விஷயத்தில் அவன் முட்டாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

எண்பத்துமூன்று மே மாதம் கொட்டகைக்கு வந்து, ஓட்டுகிறவர்கள் பலகையில் தன் பெயரை எழுதச் சொன்னாள். எழுநூற்றைம்பதைக் கழற்றி அறுநூறு மாட்டப்போவதையும் சொன்னாள். கொட்டகையே சிரித்தது.

"ஏம்மா வெர்லா, அது என்ன, புல்வெட்டி மெஷினா?" என்றான் லொவெல். "செத்தவன் ஆசையா மாட்டினதைக் கழட்டப் போறியே, மனசு வருதா?"

"ஆர்லன் தப்பு பண்ணினான். நீ அதைவிடப் பெரிய தப்பு பண்ணிட்டிருக்க. அவனாவது எழுநூத்தம்பதோட நிறுத்திக்கிட்டான்."

லொவெலின் முகம் சுருங்கியது. "சரி, ஆகஸ்ட்ல என்கூட ஓட்டு. ஜெயிச்சா பலகையில உன் பேரு. தோத்தா வண்டியை எனக்குக் குடுத்துடணும், நான் சொல்ற விலைக்கு."

"உனக்கு அந்த வண்டி மேல ஒரு வருஷமாக் கண்ணுன்னு எனக்குத் தெரியும்யா. வர்றேன்."

பழைய சாமான் விற்கும் சந்தையில் அறுநூறு ஒன்று பிடித்தாள். பிரித்து, கழுவி, புது வாஷர் போட்டுப் பூட்டினாள். எஞ்சினின் உறிஞ்சலைக் காட்டும் மீட்டர் ஒன்றை மாட்டி, பந்தயத் திடலில் பன்றி இறைச்சி ரொட்டி விற்கும் சிநேகிதி ஓப்பலைப் பக்கத்தில் உட்கார வைத்து, தானியக் கிடங்குக்குப் பின்னால் நேர்சாலையில் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தாள்.

"அடியே, முள்ளைப் பார்க்கச் சொல்றியா, சாமி கும்பிடச் சொல்றியா?" என்று அலறினாள் ஓப்பல்.

"முள்ளு எங்க நிக்குது, அதைச் சொல்லு!"

"ஒண்ணுகிட்ட! ஒண்ணைத் தாண்டல!"

எஞ்சினுக்கு மூச்சு முட்டவில்லை என்று அர்த்தம். இன்னும் காற்று வேண்டுமென்றால் முள் ஏறியிருக்கும். வெர்லா வண்டியை ஓரங்கட்டி, தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

ஆகஸ்டில் சோளம் ஆளுயரம் வளர்ந்து நின்ற நேரம். லொவெலின் சிவப்பு வண்டியும் வெர்லாவின் நீல வண்டியும் கோட்டில் நின்றன. நேர்சாலையில் கால் மைல்தான் பந்தயம். "புல்வெட்டி! புல்வெட்டி!" என்று பெஞ்சுகளிலிருந்து கத்தினார்கள். தோற்றால் வெர்லா திரும்பி நடந்துதான் போக வேண்டும், ஆர்லன் உட்கார்ந்த இருக்கையில் நாளைக்கு லொவெல் உட்காருவான். அவள் கியரைப் போட்டாள்.

பச்சை விளக்கு எரிந்தது. சிவப்பு வண்டி 'பொக்' என்று ஒரு தும்மல் போட்டு, ஒரு நொடி தலை குனிந்து நின்றது. நீலம் பிய்த்துக்கொண்டு போனது. பொய் சொல்ல மாட்டேன், கடைசி நூறு கஜத்தில் லொவெல் விரட்டிக்கொண்டு வந்தான். ஆனால் விட்ட இடத்தைப் பிடிக்கச் சாலை போதவில்லை. வெர்லா அரை வண்டி நீளத்தில் ஜெயித்தாள்.

லொவெலா விடுவான்? சங்கத்தில் ஒரு விதி உண்டு. தோற்றவன் விரும்பினால், ஜெயித்தவனின் கார்புரேட்டரைக் குறித்த விலைக்கு அங்கேயே கேட்டு வாங்கலாம். யாரும் திருட்டு வேலை செய்து ஜெயிக்கக் கூடாதென்று போட்ட விதி.

"உன் கார்புரேட்டரை நான் எடுத்துக்கறேன்," என்றான். "உள்ள என்னமோ பண்ணியிருக்க."

"பண்ணியிருக்கேன். கழுவியிருக்கேன்."

நான்கு நட்டுகளைக் கழற்றிச் சுடச்சுடத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். அவன் திருப்பினான், குலுக்கினான், கண்ணைச் சுருக்கி உள்ளே பார்த்தான். சந்தையில் எவனும் சீந்தாத சாதாரணச் சாமான்.

"வெறும் அறுநூறுதானா?"

"மே மாசமே சொன்னேனே. உன் காதுலயும் எண்ணூத்தம்பது மாட்டி வெச்சிருக்கியோ என்னமோ, ஒண்ணும் நிக்கல."

சிரித்தவர்கள் இப்போது அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் விடவில்லை. "பேசு, நல்லாப் பேசு. இப்ப எதுல வீட்டுக்குப் போவ? இழுத்துட்டுப் போகக் கயிறு வேணுமா?"

வெர்லா டிக்கியைத் திறந்தாள். ஆர்லனின் கட்டம்போட்ட சட்டையில் சுற்றி இன்னொரு அறுநூறு இருந்தது. அதையும் கழுவித் தயாராக வைத்திருந்தாள்.

"இருபது வருஷமா உனக்கு சாலட் போட்டிருக்கேன், லொவெல். நீ என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியாதா?"

இருபதே நிமிஷத்தில் மாட்டி முடித்து வண்டியைக் கிளப்பிக் காட்டினாள். அது திணறவே இல்லை. பிறகு வண்டிக் கண்ணாடியில் பந்தய நம்பர் எழுதுகிற வெள்ளை ஷூ பாலிஷ் புட்டியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். பலகையில் ஆர்லன் பெயருக்குக் கீழே 'வெர்லா டிட்மர்' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். அப்படியே நகர்ந்து சமையல் பட்டியலுக்குப் போய், உருளைக்கிழங்கு சாலட்டுக்கு எதிரே இருந்த 'திருமதி ஆர்லன்' மேல் ஒரு கோடு இழுத்து, 'லொவெல் ஸ்டைனர்' என்று எழுதினாள்.

செப்டம்பரில் அவன் சாலட் கொண்டுவந்தான். வெர்லா ஒரு வாய் போட்டுப் பார்த்தாள். இதிலும் கடுகு விழுதை அளவில்லாமல் கொட்டியிருந்தான்.