ரவுட்டருக்குள் போய் வந்த வீடுகள்

வீட்டுச் சாமான்களை ஒன்றோடொன்று கதைக்க வைப்பதுதான் என் தொழில். வீட்டுக்காரர் தங்களுக்குள் கதைக்கிறார்களா என்பது என் பொறுப்பில் இல்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். அழைப்பு வந்தால் ஸ்கூட்டியில் புறப்பட்டுவிடுவேன். ரவுட்டர், கமரா, பிரின்டர், கிணற்று மோட்டரின் சுவிட்ச், எதுவானாலும் வீட்டு வைஃபையில் சேர்த்துவிட்டு வருவேன். பெண்பிள்ளை வந்து நிற்பதைக் கண்டதும், "கடைக்காரர் பின்னாலை வாறாரோ?" என்று கேட்பார்கள். கடைக்காரரே நான்தான் என்று சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது.

உங்கள் வீட்டிலும் அந்தப் பெட்டி இருக்கும். சிவப்பு லைட் எரிந்ததும் அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பீர்கள். ஆகவே இதில் பாதி உங்கள் கதையும்தான்.

விலாசம் சரி

இணுவிலில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இருக்கிறார். பிள்ளைகள் கனடாவில். வைஃபையின் பாஸ்வேர்டை மாற்றுவது எப்படி என்று மகன் போனில் சொல்லச் சொல்ல, ஐயா அதை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். 'ரவுட்டரின் விலாசம்' என்று தலைப்பு, அடியில் கோடு, அதற்குக் கீழே புள்ளிகளோடு அந்த நாலு எண்கள். மூன்று நாளாக அந்த விலாசத்தைப் போனில் அடித்தும் பக்கம் திறக்கவில்லை. மகன் பொறுமை இழந்து, "அப்பா, நீங்கள் ஒண்டையும் தொடாதேங்கோ, ஆரையும் கூப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டான். அதுதான் ஐயாவுக்குச் சுட்டது. என்னை இருத்தி, முதலில் அதைத்தான் சொன்னார்.

போனை வாங்கிப் பார்த்தேன். எண்களில் பிழையில்லை. ஆனால் போன் வீட்டு வைஃபையில் இல்லை, டேட்டாவில் நின்றது. அந்த விலாசம் வீட்டு வைஃபைக்குள் நிற்பவருக்கு மட்டும்தான் திறக்கும். வெளியில் நின்று தேடினால் அப்படி ஒரு இடமே இல்லை. நான் கையை வைக்கவில்லை, பக்கத்தில் இருந்து சொல்ல மட்டும் செய்தேன். ஐயாவே டேட்டாவை நிறுத்தி, வைஃபையைப் போட்டு, விலாசத்தை அடித்து உள்ளே போனார். புதுப் பாஸ்வேர்டை இரண்டு தரம் அடித்துப் பதிந்தார். போனைப் புதுப் பாஸ்வேர்டால் திரும்பச் சேர்த்து, உடனே கனடாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தார். மகன் நித்திரை முகத்தோடு வந்தான். ஐயா கொப்பியைப் போனுக்கு முன்னால் பிடித்தார்.

"தம்பி, விலாசம் சரிதான். எந்த ஊர் எண்டுதான் நீ சொல்லாமல் விட்டிட்டாய்."

பொட்டு

உரும்பிராயில் ஒரு வீட்டில் புது டிவியை வைஃபையில் சேர்க்கப் போனேன். பாஸ்வேர்ட் ரவுட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கிற துண்டில் இருக்கும். ஆயுத பூசையன்று அந்த வீட்டு அம்மா ரவுட்டரைக் கவிழ்த்து, அந்தத் துண்டிலேயே சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். முன்பக்கம் வைத்தால் லைட் மறைந்துவிடுமாம். ஆறாவது எழுத்து பொட்டுக்குக் கீழே போய்விட்டது. துடைக்கட்டுமா என்று கேட்டேன். "வைச்ச பொட்டை அழிக்கிறேல்லை, தங்கச்சி" என்றார். ஓரத்தில் தெரிந்த வளைவு எட்டாகவும் இருக்கலாம், ஆங்கில 'பி'யாகவும் இருக்கலாம். முதலில் எட்டைப் போட்டேன், சேரவில்லை. 'பி'யைப் போட்டேன், சேர்ந்தது. நான் என் கெட்டித்தனத்தை மெச்சிக்கொள்வதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"பாத்தியளோ, பொட்டு இருந்தபடியால்தான் ரெண்டாந்தரமே திறந்தது."

இருந்த கொப்பு

என் மடத்தனத்தையும் சொல்லத்தான் வேண்டும். வட்டுக்கோட்டையில் வெங்காயம் செய்கிற அண்ணை ஒருவர், மோட்டார் சைக்கிளால் விழுந்து காலில் கட்டுப் போட்டிருந்தார். தோட்டம் வீட்டுக்குப் பின்னால்தான். ஆனால் கிணற்றடிக்குப் போக அவரால் முடியாது. மனைவி காலையில் வேலைக்குப் போனால் பின்னேரம்தான் வருவார். வெங்காயம் அதுவரை தண்ணிக்குக் காத்திருக்காது. அதனால் போனிலேயே மோட்டரைப் போட்டு நிறுத்துகிற சுவிட்ச் ஒன்று வாங்கியிருந்தார். அது வைஃபையில் சேர மறுத்தது.

காரணம் எனக்குத் தெரியும். அவருடைய ரவுட்டர் இரண்டு அலைவரிசைகளில் ஒரே பெயரோடு வைஃபை விடுகிறது. சுவிட்சுக்கு அதில் மெதுவானதுதான் பிடிபடும். வேகமானதைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் அலுவல் முடிந்தது. என் போனால் ரவுட்டருக்குள் போய், நிறுத்துகிற இடத்தை அமத்தினேன். நான் அமத்தியது இரண்டுக்கும் பொதுவான இடம். வைஃபை முழுதாக நின்றது. நானும் அதே வைஃபையால்தான் உள்ளே போயிருந்தேன். இருந்த கொப்பையே தறித்துவிட்டு நின்றேன். பழையபடி தொடக்க நிலைக்குக் கொண்டுபோகலாம், ஆனால் கம்பனிக்காரர் போட்டுத்தந்த அமைப்பெல்லாம் அதோடு அழிந்துவிடும். வயர் குத்தி உள்ளே போகலாம், அந்த வயரோ என் கடையில் கிடந்தது.

அண்ணை காலைக் கதிரையில் நீட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சத்தால், "மகளின்ரை பழைய கொம்பியூட்டருக்குப் பின்னாலை ஒரு வயர் தொங்குது, அது உதவுமோ?" என்றார். உதவியது. தூசியைத் தட்டி என் லப்டொப்பில் குத்தி, உள்ளே போய் வைஃபையைத் திருப்பிப் போட்டேன். இந்தமுறை வேகமானதை மட்டும் நிறுத்தினேன். சுவிட்ச் சேர்ந்தது. அண்ணை போனைத் தொட்டார். பின்னால் மோட்டர் உறுமி, வாய்க்காலில் தண்ணி விழுகிற சத்தம் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, நாங்கள் கிணத்துக்கை இறங்கேக்கை கயித்தை மேலை கட்டிப்போட்டுத்தான் இறங்கிறது."

தெரியாத போன்

மகேஸ் அக்கா திருநெல்வேலியில் பல்கலைக்கழக மாணவிகளுக்கு அறை வாடகைக்கு விடுகிறவர். இணையம் மெதுவாக இருக்கிறது, யாரோ களவாகப் பாவிக்கிறார்கள் என்று என்னைக் கூப்பிட்டார். ரவுட்டருக்குள் போனால், அதில் எந்தெந்தப் பொருள்கள் சேர்ந்திருக்கின்றன என்று ஒரு பட்டியல் காட்டும். அறை அறையாகப் போய் ஒவ்வொரு போனாகச் சரிபார்த்தோம். கடைசியில் ஒன்று மிஞ்சியது. அதை மட்டும் நிறுத்தினேன். நிறுத்திய கையோடு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்பிள்ளையின் குரல் கேட்டது. "அம்மா, வகுப்பு நிண்டிட்டுது."

அக்காவின் முகம் மாறியது. அந்த வீட்டோடு அவருக்கு வேலி வழக்கு. ஆறு வருசமாக நீதிமன்றத்தில் நடக்கிறது, இரண்டு வீட்டுக்கும் கதைபேச்சில்லை. மாணவிகளில் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னாள். அந்தப் பிள்ளை இந்த வருசம் உயர்தரப் பரீட்சை எடுக்கிறாள், டேட்டா முடிந்துவிட்டதென்று அழுதாள், தான்தான் பாஸ்வேர்டைக் கொடுத்தது என்றாள். அக்கா குசினிக்குள் போய் ஒரு செம்பு தண்ணி குடித்துவிட்டு வந்து, "இப்ப அந்தப் பிள்ளைக்கு என்ன பாடம் நடக்குது?" என்று கேட்டார். இரசாயனவியல் என்றாள் அந்த மாணவி. "அப்ப முதல்லை அதைத் திருப்பி விடு" என்றார் என்னிடம்.

விட்டேன். பிறகு, விருந்தினர் வைஃபை என்று தனியாக ஒன்று போடலாம், அதற்கு வேறு பாஸ்வேர்ட், உங்கள் வீட்டுப் பொருள் ஒன்றும் அதற்குத் தெரியாது, வேகத்தையும் மட்டுப்படுத்தலாம் என்று விளங்கப்படுத்தினேன். அக்கா புதுப் பாஸ்வேர்டைத் தானே கடதாசியில் எழுதி, வகுப்பு முடியும்வரை காத்திருந்து, வேலியடிக்குப் போய்ப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வந்தது தாய். கடதாசியை வாங்கிப் பார்த்துவிட்டு, நம்ப முடியாமல், "அப்ப வழக்கு?" என்றார்.

"வழக்கு வேலிக்குத்தான், பிள்ளையின்ரை படிப்புக்கு இல்லை" என்றார் அக்கா.

அழுகை கேட்டது

பருத்தித்துறையில் வசந்தன் கடற்றொழிலுக்குப் போகிறவர். மனைவி நிலானிக்குப் பிறவியிலேயே காது கேளாது. எட்டு மாதக் குழந்தை. வசந்தன் கடலுக்குப் போகிற இரவுகளில், நிலானி குழந்தையின் காலில் ஒரு நூலை மெல்லக் கட்டி, மற்றத் தலைப்பைத் தன் கையில் முடிந்துகொண்டு படுப்பாராம். குழந்தை அழுது காலை உதைத்தால் நூல் இழுக்கும். எட்டு மாதத்தில் தான் ஒரு நாளும் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை என்று போனில் அடித்துக் காட்டினார். பிரான்சில் இருக்கிற மச்சாள் ஒரு உருண்டைப் பெட்டியும் ஒரு கை மணிக்கூடும் அனுப்பியிருந்தார். குழந்தை அழுதால் பெட்டி கேட்கும், மணிக்கூடு அதிரும். ஆனால் பெட்டியிலும் லைட் எரிந்தது, மணிக்கூட்டிலும் லைட் எரிந்தது, அதிரவில்லை.

ரவுட்டருக்குள் போய்ப் பட்டியலைப் பார்த்தேன். மணிக்கூடு வீட்டு வைஃபையில் நின்றது. பெட்டியை யாரோ விருந்தினர் வைஃபையில் சேர்த்துவிட்டிருந்தார்கள். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தும் ஒன்றுக்கு மற்றதைத் தெரியாது. பெட்டியையும் வீட்டு வைஃபைக்குக் கொண்டுவந்தேன். கரண்ட் போய் வந்தாலும் இரண்டும் இடம் மாறாதபடி, ரவுட்டரில் ஒவ்வொன்றுக்கும் நிரந்தர எண் கொடுத்தேன்.

இனிக் குழந்தை அழ வேண்டும். குழந்தையோ தொட்டிலில் கிடந்து எங்களைப் பார்த்துச் சிரித்தது. கால் மணித்தியாலம் காத்திருந்தோம். அழுகிற நோக்கமே அதற்கு இல்லை. கடைசியில் வசந்தன் கூச்சத்தோடு வாசலை ஒருதரம் பார்த்துவிட்டு, பெட்டிக்குக் கிட்டக் குனிந்து, குழந்தை மாதிரியே வீரிட்டு அழுதார். அடுத்த அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு உடுப்பு மடித்த நிலானி திடுக்கிட்டுத் திரும்பினார். கையில் மணிக்கூடு அதிர்ந்துகொண்டிருந்தது. ஓடிவந்தவர், தொட்டிலில் சிரிக்கிற குழந்தையையும், வாயைத் திறந்தபடி நின்ற வசந்தனையும் பார்த்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துவிட்டுப் போனில் ஏதோ அடித்து என்னிடம் நீட்டினார்.

"இவர் அழுதது இண்டைக்குத்தான் எனக்குக் கேட்டது."

பெட்டியைச் சரிபண்ணப் பத்து நிமிடமும், அது ஏன் இன்றைக்கே சரிவர வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்க ஒரு மணித்தியாலமும் எடுக்கிற இந்தத் தொழிலில், எனக்குச் சான்றிதழ் தந்தவர்கள் அந்தப் பத்து நிமிடத்தை மட்டும்தான் படிப்பித்தார்கள்.