நெற்றிக்கு ஒரு முக்காடு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சொந்தமாக ஒரு சட்டம் எழுதி, அதைச் சொந்தக் கையால் சுவரில் ஒட்டி, அந்தச் சட்டத்தில் தானே முதல் ஆளாக அகப்பட்ட முட்டாள் நான்தான். வேறு யாரும் என்னைப் பிடித்துக் கொடுக்கவில்லை. என் நெற்றிதான் காட்டிக்கொடுத்தது.

எண்பத்தைந்தாம் ஆண்டு. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ரயில் பாதைக்குக் கிட்ட, உயர்ந்த மதிலுக்குள் இருந்த ஒரு சிறிய தொழிற்சாலையில் வேலை செய்தேன். முந்திரிகைப்பழத்தைப் பிழிந்து, சீனிப்பாகு சேர்த்து, போத்தலில் அடைத்து விற்பது எங்கள் தொழில். இந்தியாவில் அதைத் திராட்சை என்பார்கள்; எங்கள் பக்கத்தில் முந்திரிகை. பதினைந்து பேர் வேலை செய்தோம்.

அந்த வருடம் ஆனி மாதத்தில் எனக்கு இரண்டு ஏற்றங்கள் கிடைத்தன. ஒன்று, போத்தல் அடைக்கும் மண்டபத்துக்கு என்னை மேற்பார்வையாளராக்கினார்கள். மற்றது, எங்கள் ஊர்க் கோயில் குருக்களிடம் தீட்சை கேட்டுப் பெற்றேன். தீட்சை கேட்டவன் திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து மூன்று குறியாக இழுக்கலாம் அல்லவா? நான் இழுத்த இழுப்பில், வெள்ளையடித்த மதில் ஒன்று நடந்து வருவது போல இருக்கும் என்று வீட்டில் சொன்னார்கள். பக்தி மிகுதி என்று நினைத்துக்கொண்டேன்.

பதவி வந்த பிறகு, அதுவரை 'அண்ணை' என்றவர்கள் 'சேர்' என்று கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. குருநகரிலிருந்து போத்தல் கழுவ வரும் அக்காவிடம் வாய்விட்டே கேட்டுப் பார்த்தேன். ஐம்பது தாண்டிய மனுசி. வாய் மட்டும் இருபதில் நின்றுவிட்டது.

"தம்பி, உம்மைச் சேர் எண்டு கூப்பிட என்ரை நாக்கு வளையுதில்லை. பல்லுக் கட்டினாப் பிறகு ஒருக்கால் பாப்பம்" என்றார்.

கொழும்பில் ஒரு பெரிய கடைக்காரர் எங்கள் சரக்கை எடுக்க யோசிக்கிறார், ஆள் அனுப்பித் தொழிற்சாலையைப் பார்க்கப்போகிறார் என்று முதலாளிக்குச் செய்தி வந்திருந்தது. உடுப்பு விசயத்தில் ஒரு ஒழுங்கு எழுதும்படி என்னிடம் சொன்னார். கேட்க வேண்டுமா? இரண்டு நாள் உட்கார்ந்து ஏழு சட்டம் எழுதினேன். ஆறாவது: தொழிற்சாலைத் தொப்பியைத் தவிரத் தலையில் வேறெதுவும் அணியலாகாது. ஏழாவது: உடம்பிலிருந்து உதிரக்கூடிய எந்தப் பொருளும் மண்டபத்துக்குள் வரலாகாது.

தொப்பியைத் தெரிவுசெய்ததும் நான்தான். கடதாசிக் கப்பலைக் கவிழ்த்து வைத்தது போல அது உச்சியில் உட்கார்ந்திருக்கும். ஒரு மயிரையும் மறைக்காது. எனக்கு அப்போதே மறைப்பதற்கு அதிகம் இல்லாதபடியால் அந்தக் குறை என் கண்ணில் படவில்லை.

அதே ஆனி மாதத்தில்தான் அந்தப் பிள்ளையும் வேலைக்கு வந்தாள். முஸ்லிம்கள் வாழும் சோனகத் தெருவிலிருந்து சைக்கிளில் வருவாள். இருபது வயது இருக்கும். தகப்பன் தையல்காரர், கண்ணில் வெண்படலம் விழுந்து ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் இருந்தார். கீழே மூன்று தம்பி தங்கைகள். மூன்று மாதம் பரீட்சார்த்தமாக வேலை. அது முடியும்போது நான் கையெழுத்து வைத்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்கு. என்னைச் 'சேர்' என்று கூப்பிட்ட முதல் ஆளும் அவள்தான். அந்தச் சந்தோசம் எனக்கு ஒரு நாள் நிலைத்தது.

சட்டம் ஒட்டிய அன்று அவள் வெள்ளை மல் துணியால் தலையை இறுக்கிப் போர்த்து, ஓரங்களை மேலங்கிக் கழுத்துக்குள் செருகி, அதற்கு மேலே என் கப்பல் தொப்பியை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"பிள்ளை, உந்த முக்காட்டை எடும். ஆறாம் சட்டம் வாசிக்கேல்லையோ?"

"வாசிச்சனான், சேர். இதை எடுத்தா என்ரை தலைமயிர் வெளியிலை நிக்கும். பின்னல் போத்தலுக்கு மேலை ஆடும். அது பரவாயில்லையோ?"

"அதுக்குத்தான் தொப்பி இருக்கே. துணி எண்டால் நூல் உதிரும்."

அவள் என் தலையை ஒருமுறை பார்த்தாள். "இந்தத் தொப்பி மயிரை மறைக்குதோ சேர், இல்லாட்டி அதுக்குக் குடை பிடிக்குதோ?"

பக்கத்தில் பெட்டி தூக்கிக்கொண்டு நின்ற குருநகர் அக்கா சிரித்த சிரிப்பில் இரண்டு போத்தல் முட்டிக்கொண்டன. "நானும் பூசைக்கு முக்காட்டோடைதான் போறனான், தம்பி. நூல் விழுகுது எண்டு அந்தோனியார் ஒருநாளும் முறைப்பாடு சொன்னதில்லை" என்றார்.

ஆட்கள் சிரித்துவிட்டால் புதிய அதிகாரிக்கு நியாயம் கேட்காது. "சட்டம் எண்டால் சட்டம்தான்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கமாக நடந்தேன். அவள் துணியை எடுக்கவில்லை. நானும் விடவில்லை. தினமும் காலையில் ஒரு முறை கேட்பேன். தினமும் அவள் "ஏலாது, சேர்" என்பாள். மரியாதையில் குறை வைக்கமாட்டாள், பதிலும் மாறாது.

ஆவணி பிறந்தபோது கடைகளிலிருந்து போத்தல்கள் திரும்பி வரத் தொடங்கின. கறுத்த ஊதாப் பானத்தின் அடியில் வெள்ளையாக ஏதோ பொடி படிந்திருந்தது. முதலாளியின் முகமும் அதே ஊதா நிறத்துக்கு வந்துவிட்டது. கொழும்பு ஆள் வருவதற்கு இரண்டு கிழமைதான் இருந்தது.

எனக்குச் சந்தேகமே இல்லை. வெள்ளைப் பொடி, வெள்ளைத் துணி. அவள் வேலைக்கு வந்ததற்குப் பிறகுதான் இந்த வியாதி. ஆறாம் சட்டம், ஏழாம் சட்டம் இரண்டையும் மேற்கோள் காட்டி, 'இவரை நிரந்தரமாக்க நான் சிபாரிசு செய்யவில்லை' என்று முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினேன். எழுத்துப் பிழை இல்லாமல் இருக்க இரண்டு முறை வாசித்தேன். வேறு பிழை இருக்கலாம் என்று தோன்றவில்லை.

முதலாளி இரண்டு பேரையும் கூப்பிட்டார். கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினார். அவள் கண் கலங்கியது. ஆனால் குரல் கலங்கவில்லை.

"ஐயா, என்னை மூண்டு நாளைக்கு முற்றத்திலை போத்தல் கழுவ விடுங்கோ. மண்டபத்துக்குள்ளை கால் வைக்கமாட்டன். அந்த மூண்டு நாள் போத்தலிலை பொடி இல்லையெண்டால் நானே சைக்கிளை எடுத்துக்கொண்டு போறன். கையெழுத்து ஒண்டும் வேண்டாம்."

முதலாளி என்னைப் பார்த்தார். "நியாயமான கதை. என்ன சொல்லுறீர்?"

"ஓம், பாப்பம்" என்றேன், வென்றுவிட்டவன் போல.

முதல் நாள் போத்தல்களை மறுநாள் காலையில் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தோம். அடியில் பொடி. பழைய நூல் எங்காவது ஒட்டியிருக்கும் என்றேன். மண்டபத்தைக் கழுவினோம். இரண்டாம் நாளும் பொடி. கூரையில் சுண்ணாம்பு உதிருகிறது என்றேன். முதலாளி ஆளை ஏற்றிக் கூரையைத் தட்டிப் பார்த்தார். ஒன்றும் உதிரவில்லை, ஒரு பல்லியைத் தவிர.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. நல்லூர்க் கோயிலில் கொடியேறித் திருவிழா நடந்துகொண்டிருந்தது. நான் காலையில் கோயிலுக்குப் போய், வழமையை விட ஒரு சுற்றுத் தடிப்பாகக் குழைத்துப் பூசிக்கொண்டு வந்திருந்தேன். முதலாளி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மூடி போடுவதற்கு முன் ஒவ்வொரு போத்தலையும் தூக்கி, புளித்துவிட்டதா என்று வாயோடு மூக்கை வைத்து மணந்து பார்ப்பது என் வேலை. முதலாளி பார்க்கிறார் என்றதும் கூடக் கவனமாக மணந்தேன். பொறுப்பான மனிதன் என்று தெரியட்டுமே என்று நெற்றியைச் சுருக்கினேன்.

அந்தச் சுருக்கம்தான் கெடுத்தது. வெக்கையில் காய்ந்து வெடித்திருந்த நடுக்குறியிலிருந்து ஒரு பொருக்கு கழன்றது. கோயில் பிரசாதம் போல மெதுவாக இறங்கி, போத்தலின் வாய்க்குள் நேரே போய் விழுந்தது.

நான் பார்த்தேன். முதலாளி பார்த்தார். பெட்டியோடு வந்த குருநகர் அக்காவும் பார்த்துவிட்டார்.

"தம்பி, ஏழாம் சட்டத்தை ஒருக்கால் சத்தமா வாசியுமன்" என்றார்.

இரண்டு மாதமாக, விற்ற ஒவ்வொரு போத்தலுக்கும் நான் திருநீறு இட்டு அனுப்பியிருக்கிறேன்! தீட்சை கேட்டதும் அவள் வேலைக்கு வந்ததும் ஒரே மாதம் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

முதலாளியும் சைவப்பழம்தான். என் கையிலிருந்த போத்தலை வாங்கி ஓரமாக வைத்தார். பிறகு, "என்ன செய்யிறது? முகத்தைக் கழுவிப்போட்டு வாரும்" என்றார், என்னைப் பார்க்காமலே.

முற்றத்துத் தண்ணீர்க் குழாயடிக்குப் போனேன். அவள் அங்கே போத்தல் கழுவிக்கொண்டிருந்தாள். கையில் தண்ணீர் அள்ளினேன். நெற்றி வரை கை போனது. அதற்கு மேல் போகவில்லை. திருவிழா வெள்ளிக்கிழமையில், பூசிய திருநீற்றை நானே கழுவுவதா? விரல் இடுக்கால் தண்ணீர் ஒழுகி முடிந்தது. மறுபடி அள்ளினேன். மறுபடியும் ஒழுகியது. மூன்றாம் முறை அள்ளும்போது, இத்தனை நாளாக அவள் காலையில் சொன்ன "ஏலாது, சேர்" என் காதில் கேட்டது. அது பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். உண்மையிலேயே ஏலாதுதான்.

நடந்ததை அவளிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"சட்டம் எண்டால் சட்டம்தானே, சேர்" என்றாள்.

எனக்கு நன்றாக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் ஒரு போத்தலைக் கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்தாள். பிறகு என் ஈரக் கையைப் பார்த்தாள்.

"கழுவாதேங்கோ. நில்லுங்கோ."

தன் பையிலிருந்து மாற்றுக்கு வைத்திருந்த மல் துணியை எடுத்து, நாலு விரல் அகலத்துக்கு மடித்து, குருநகர் அக்காவைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்தாள். "அக்கா, புருவத்துக்கு மேலை வைச்சு இறுக்கிக் கட்டிவிடுங்கோ. வேர்வையையும் குடிக்கும், பொடியும் விழாது. உள்ளுக்கு இருக்கிறது உள்ளுக்கு இருக்கட்டும்."

அக்கா கட்டினார். தலையிடிக்குப் பத்துப் போட்டவன் போல, அதற்கு மேலே ஒரு கவிழ்ந்த கப்பலோடு, மண்டபத்துக்குள் போனேன். அத்தனை வேலையாட்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முதலில் வெடித்துச் சிரித்தது முதலாளிதான். அவர் சிரித்த பிறகு நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? ஆறாம் சட்டத்தை மீறிய இரண்டாவது ஆள் நான்.

அன்று பின்னேரம் அடைத்த போத்தல்கள் மறுநாள் காலையில் கண்ணாடி போல இருந்தன. முதலாளி என் கடிதத்தை மேசை லாச்சியிலிருந்து எடுத்து என்னிடமே திருப்பித் தந்தார். அதன் பின்பக்கத்திலேயே புதிய சட்டத்தை எழுதினேன்: மண்டபத்துக்குள் எல்லோரும் தலையையும் நெற்றியையும் துணியால் முழுதாக மூட வேண்டும். பதினைந்து பேருக்கும் தலைத்துணி அவளே தகப்பனின் மெஷினில் தைத்தாள். தகப்பன் பக்கத்திலிருந்து, கண் தெரியாவிட்டாலும் விரலால் தடவித் தையலைச் சரிபார்த்தாராம். அந்தக் கிழமையே அவளுடைய நிரந்தரக் கடிதத்தில் கையெழுத்து வைத்தேன். வைக்கும்போது மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "மை காயமுன்னம் மடிக்காதேங்கோ, சேர்" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

கொழும்பிலிருந்து வந்தவர் எங்கள் தலைகளைப் பார்த்து, இப்படிச் சுத்தம் பேணுகிற இடத்தைத் தான் கண்டதில்லை, இது யாருடைய யோசனை என்று கேட்டார். நான் அடக்கமாகப் புன்னகைத்தேன். குருநகர் அக்கா இருமிய இருமலில், அந்தப் பிள்ளையின் யோசனை என்று உடனே சொல்லவேண்டியதாகிவிட்டது.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், ஆயுதத்தோடு வந்த இயக்கத்தார் சோனகத் தெரு முஸ்லிம் சனங்கள் எல்லோரையும் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். ஒரே நாளில், கையில் கிடைத்ததோடு போனார்கள். அதைப் பற்றிப் பகிடி விட எனக்கு வாய் வராது. அவளுக்குப் போய்வா என்று சொல்லக்கூட இல்லை. செய்தி எட்டி நான் போனபோது தெருவில் கதவுகள் மட்டும் திறந்து கிடந்தன. அந்தக் கதவுகளைப் பார்த்துக்கொண்டு எதுவும் செய்யாமல் நின்ற பலரில் நானும் ஒருவன்.

மூன்று வருடம் கழித்துக் குருநகர் அக்காவுக்குப் புத்தளத்திலிருந்து அவளுடைய கடிதம் வந்தது. தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் இருக்கிறார்களாம். ஒரு பழைய மெஷின் கிடைத்து, அகதி முகாம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிறாளாம். முகவரியை வாங்கி நானும் எழுதினேன். எட்டு வருடம் பிந்திய மன்னிப்பைக் கேட்டேன். அந்த நெற்றிப் பட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது என்றும், சுவரில் ஒட்டப்போகிற எந்தச் சட்டத்தையும் இப்போதெல்லாம் கண்ணாடிக்கு முன்னால் நின்று வாசித்துப் பார்த்த பிறகே ஒட்டுகிறேன் என்றும் எழுதினேன். கடைசியில், வழமையான விசர்க்கதையாக, தலைமயிர் முழுதும் போய் என் நெற்றி இப்போது பிடரி வரை நீண்டுவிட்டதால் பட்டி போதாது என்றும் சேர்த்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு தபாலட்டை வந்தது. மன்னிப்பைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அவள் என்னைச் சேர் என்று எழுதவும் இல்லை. இருந்தது ஒரே ஒரு வரி:

"அப்ப துணி இன்னும் கூட வேணும், அண்ணை, அளவை அனுப்புங்கோ."