சாக்பீஸ் வட்டம்

என் அக்காவுக்கு எதையும் லேசில் நம்பும் பழக்கம் கிடையாது. படங்களைப் பார்த்துப் புரிந்துகொள்ளக் கணினிக்குக் கற்றுத் தருவதுதான் பல்கலைக்கழகத்தில் அவள் வேலை. "சூப்பரா வந்திருக்கு மேடம்" என்று மாணவி யாராவது ஓடிவந்தால், "மறைச்சுப் பாத்தியா?" என்பாள். கண்டுபிடிக்க வேண்டிய பொருளைக் கறுப்புக் கட்டத்தால் மறைத்துவிட்டுக் கணினியிடம் மறுபடி கேட்க வேண்டும். அப்போதும் "இருக்கிறது" என்று சொன்னால், அது வேறெதையோ பார்த்து ஒப்பேற்றுகிறது. முதுகுக்குப் பின்னால் அவளுக்கே 'கறுப்புக் கட்டம்' என்றுதான் பெயர்.

அப்படிப்பட்டவள் தன் சொந்த ஆய்வுக் கட்டுரைக்கு அதைச் செய்ய மறந்துபோனாள். பாலங்களில் விழும் விரிசலைப் படத்தைப் பார்த்தே சொல்லும் மென்பொருளைப் பற்றியது அது. கடைசித் தேதி கழுத்தைப் பிடிக்க, அவசரமாக அனுப்பினாள், ஏற்றுக்கொண்டார்கள். வருடா வருடம் ஒப்பந்த நீட்டிப்புக்குக் காத்திருந்து அலுத்தவளுக்கு, அந்தக் கட்டுரையை வைத்துத்தான் நிரந்தர வேலைக்கு நேர்காணல் வந்தது.

நேர்காணலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உரையைத் தயார் செய்தாள். தேர்வுக் குழுவினரை அசத்தலாம் என்று ஒரு படத்தில் விரிசலை மறைத்தாள். கணினி அப்போதும் "விரிசல்" என்றது. இன்னொரு படத்துக்கும் அதே பதில். அவள் முகம் செத்துப்போனது.

"என்னக்கா?"

"இந்த வட்டத்தைப் பாருடா. இன்ஜினியருங்க விரிசலைச் சுத்தி சாக்பீஸ்ல வட்டம் போட்டுட்டுத்தான் போட்டோ எடுத்திருக்காங்க. இது விரிசலையே பாக்கல. சாக்பீஸைப் பாத்துச் சொல்லுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் அழுவதைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

"இன்டர்வியூ முடியட்டுமேக்கா. அப்புறமா சொல்லிக்கலாம்."

"நீ தினமும் பஸ்ஸை எதுமேல ஓட்டிட்டுப் போற?"

ஆற்றுப்பாலத்தின் மேல்தான்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். நேர்காணலில் சாக்பீஸ் கதையையே சொன்னாள். வேலை வேறொருவருக்குப் போனது. எனக்கு வயிறு எரிந்தது. அவளோ பாலம் பாலமாக அலைந்து, சாக்பீஸ் படுவதற்குள் படம் எடுத்துச் சேர்த்து, மென்பொருளுக்கு மறுபடி கற்றுத் தந்தாள். வெயிலில் கறுத்தாள், வயிறாரச் சாப்பிட்டாள், படுத்ததும் தூங்கினாள். அவ்வளவு நிம்மதியாக அவளை நான் பார்த்ததே இல்லை. அடுத்த முறை நிரந்தர வேலையும் கிடைத்தது.

போன மாதம் எங்கள் ஆற்றுப்பாலத்தை அடைத்துவிட்டார்கள். தூண் ஒன்றில் யார் கண்ணிலும் படாத விரிசலை அக்காவின் மென்பொருள் காட்டிவிட்டது. நான் ஊரைச் சுற்றி பஸ் ஓட்டுகிறேன். பயணிகள் என்னை வறுத்தெடுக்கிறார்கள்.

"எந்த மகராசன்பா பாலத்தை அடைச்சான்?" என்றார் ஒரு பெரியவர்.

"மகராசன் இல்லீங்க, எங்க அக்கா."

வேலை முடிந்ததும் பாலத்துக்கு அடியில் இறங்கிப் பார்த்தேன். பொறியாளர் தன் சாக்பீஸை அக்காவிடமே கொடுத்து வட்டம் போடச் சொன்னாராம். வட்டம் படு கோணல். உள்ளே, முடி கனத்தில், விரிசல் இருந்தது.