கத்தரிக்கோலின் வேர் வைத்தியம்

அவருக்குக் கத்தரிக்கோல் என்று பட்டப்பெயர். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து நிறுத்துப் போட்டு ஓய்வு பெற்ற மனிதர். எதைக் கண்டாலும் நறுக்கியாக வேண்டும். திரைச்சீலை நீளம் என்று நறுக்கி நறுக்கி, கடைசியில் அது பாதி ஜன்னலைத்தான் மூடியது. தனக்குத் தெரியாத விஷயம் ஒன்று உலகத்தில் உண்டு என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு, மூக்குக்கு மேல் கோபம் வரும். இந்த மகானோடுதான் அவர் மனைவி வாயைத் திறக்காமல் காலம் தள்ளினாள்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த தேயிலைத் தோட்டம் அவளுடையது, அப்பா கொடுத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் தம்பியின் பங்கு. அந்த வருஷம் அவள் தோட்டத்தில் கவாத்து நடந்தது. கிளைகளை வெட்டியதில் செடிகள் முழங்கால் உயரத்தில் மொட்டையாக நின்றன. அந்த நேரம் பார்த்து நம்மாள் ஒரு நாற்றுப் பண்ணைக்குப் போய்த் தொலைத்தார். அங்கே நாற்று வளர்க்கும் பையைத் தாண்டி நீண்ட ஆணிவேரின் நுனியைக் கிள்ளியிருந்தார்கள். நாற்றில் பக்கவேர்கள் கொத்தாக வந்திருந்தன. பார்த்தாரோ இல்லையோ, ஞானம் பிறந்துவிட்டது.

"கிழட்டுச் செடிக்கும் இதுதான் வைத்தியம். சுத்திப் பள்ளம் தோண்டி வேரை நறுக்கினா கொழுந்து அள்ளிக்கிட்டு வரும்."

"இப்பதானே கவாத்து பண்ணியிருக்கு, செடியில இலையே இல்ல," என்றாள் அவள். "வேர்ல சேர்த்து வச்சதைத் தின்னுதான் துளிர்க்கணும். அதையும் வெட்டினா எதைத் தின்னும்? ஒரு வரிசை மட்டும் செஞ்சு பாருங்க."

"உனக்கு என்ன தெரியும்? பேசாம போ."

தோண்டினார். வேலியோரக் கடைசி வரிசைக்கு வருவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. மண்வெட்டியை அவளிடம் நீட்டி, "நீ முடிச்சிடு" என்று போய்ப் படுத்துவிட்டார். அவள் மேல்மண்ணை மட்டும் கிளறி, வெட்டிய மாதிரி குவித்து வைத்தாள். ஒரு வேரைக்கூடத் தொடவில்லை.

மழைக்குப் பிறகு அந்த ஒரு வரிசை மட்டும் குபுகுபுவென்று துளிர்த்தது. மற்றதெல்லாம் விறகு. அவரோ கடைசி வரிசை முன்னால் நின்று மீசையைத் தடவிக்கொண்டார். செத்த செடிகளுக்கு மண் சரியில்லையாம், கவாத்து செய்தவன் கை சரியில்லையாம். வெட்கம் மானம் என்று ஏதாவது இருந்தால்தானே.

தம்பியும் அப்போதுதான் தன் தோட்டத்தில் கவாத்து முடித்திருந்தான். அந்தத் தோட்டத்தை விட்டால் அவன் பிள்ளைகளுக்கு வேறு சோறு கிடையாது. அவனைக் கூட்டிவந்து துளிரைக் காட்டினார். "பார்த்தியா மச்சான்? வேரை வெட்டினதோட பலன்."

பெரியவர்களை மறுத்துப் பேசத் தெரியாத அப்பாவி அவன். "சரி மாமா, நாளைக்கே ஆள் விட்டு வெட்டிடறேன்" என்றான்.

அவள் கீழே உட்கார்ந்து கையாலேயே மண்ணை விலக்கினாள். "இங்க பாரு தம்பி, முழு வேர். இந்த வரிசையை யாரும் வெட்டல. நான்தான் மண்ணைக் கிளறி இவரை ஏமாத்தினேன். வெட்டினதெல்லாம் அதோ செத்து நிக்குது."

கத்தரிக்கோல் குனிந்து வேரைப் பார்த்தார். ஒரு நொடிதான். "நீ ஒழுங்கா வெட்டியிருந்தா இன்னும் நல்லா வந்திருக்கும்" என்றார்.

தம்பி சிரித்தேவிட்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து கையில் ஒட்டிய மண்ணை உதறினாள்.

"செத்ததையெல்லாம் பிடுங்கிட்டுப் புதுசா நடணும் தம்பி. நீ கூட இருந்து பாரு," என்றவள் கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க வீட்டுக்குப் போங்க. இது எங்கப்பா தோட்டம். இனிமே இதுக்குள்ள கால் வைக்காதீங்க."