பன்னிரண்டரை மணி ஏசி

நிக்கோபார் தீவின் கேம்பல் பே ஊரில் கடல் கொந்தளித்து ஒரு வாரமாகக் கப்பல் வரவில்லை. டீசல் குறைந்துபோனதால் பவர் ஹவுஸில் ஒரே ஒரு என்ஜினை ஓட்டினார்கள். கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று கேட்க ஒரு மத்தியானம் அங்கே போனேன்.

ஆபரேட்டருக்கு ஐம்பது வயதிருக்கும். காதில் பஞ்சு, சட்டையெல்லாம் எண்ணெய்க் கறை. எது கேட்டாலும் முதலில் என்ஜின் பக்கம் தலையைச் சாய்ப்பார், பிறகுதான் பதில் சொல்வார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே, ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த என்ஜின் இன்னும் கனத்து முனகியது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“கரெக்டா பன்னெண்டரை. ஜஹாஜ் வர்ற வரைக்கும் ஏசி வேணாம்னு சொன்னதும் குவார்ட்டர்ஸ்ல எல்லாரும் நிறுத்திட்டாங்க சார். யாரோ ஒருத்தர் மட்டும் டெய்லி போடுறாரு. அந்த லைன்ல ஆஸ்பத்திரி இருக்கு, அதைத் தொட முடியாது.”

சொல்லிக்கொண்டே, என்ஜின் சுமையைக் குறைக்க, ஊர்க்காரர்கள் குடியிருக்கும் பஸ்திக்குப் போகும் லைனை அணைத்தார். “எங்க வீடும் இதுலதான்.”

ஒரு மணிக்குச் சாப்பிடப் போகும்போது குவார்ட்டர்ஸில் என் அறை குளிர்ந்திருக்க வேண்டுமென்று ஏசிக்கு டைமர் வைத்திருந்தவன் நான்தான்.

“யாருன்னு தெரிஞ்சா கொஞ்சம் சொல்லுங்க சார்.”

“சொல்றேன்” என்றேன்.

அன்றே டைமரை எடுத்துவிட்டேன். கப்பல் வந்த அன்று துறைமேடையில் அவரைப் பார்த்தேன்.

“நீங்க சொன்ன உடனே நிறுத்திட்டாரு சார். நல்ல மனுஷன்தான். யாரு அது?”

கேட்டுவிட்டு, என்ஜின் சத்தத்தைக் கேட்பதுபோல என் பக்கம் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். நான் கப்பலைப் பற்றி ஏதோ பேசினேன்.