வீட்டு வண்டி

அவருக்கு வடிகட்டி என்று பெயர் வைத்தது யாரென்று தெரியவில்லை. ஆயில் ஃபில்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார் என்பதால் வந்த பெயர். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிடும் தைரியம் அவருடைய அக்காவுக்கு மட்டும்தான் இருந்தது. "வடிகட்டின முட்டாள்னு முழுசா சொல்ல வாய் வலிக்குது. அதான் சுருக்கிட்டேன்" என்பாள்.

இரண்டு கார் நிற்கும் அளவுக்கு ஒரு மெக்கானிக் ஷெட். பின்சுவரில் ஒரு பலகை. அதில் பாதியாக அறுத்த ஃபில்டர்கள் வரிசையாக ஆணியில் தொங்கும். நல்லவை நாலு, மட்டமானவை ஏழு. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ உள்ள வண்டி வைத்திருப்பவர் யாராவது வெளியில் மலிவாக ஒன்று வாங்கிக்கொண்டு வந்து "இதைப் போட்டுக் குடுங்க" என்றால் தீர்ந்தது. ஆளைப் பலகைக்கு முன்னால் நிறுத்திவிடுவார்.

"இந்த ரப்பரைப் பாருங்க. வண்டி நின்ன பிறகு ஆயில் கீழ இறங்கிடாம பிடிச்சு வைக்கிறது இதுதான். நீங்க கொண்டு வந்ததுல இது இல்ல. காலையில ஸ்டார்ட் பண்றீங்க, டர்போவுக்கு ஆயில் போய்ச் சேரல. அது நிமிஷத்துக்கு லட்சம் தடவை சுத்துற சாமான். வறண்ட தொண்டையோட ஓடச் சொல்றீங்க."

"மரை சரியாப் பொருந்துதே?"

"வலது கால் செருப்புகூட இடது கால்ல நுழையும். போட்டுக்கிட்டு வீடு வரைக்கும் நடந்து பாருங்க."

பிறகு அந்த ஃபில்டரின் தகரத்தில் சிவப்பு மையால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு அலமாரியில் எறிவார். திருப்பித் தர மாட்டார். சிலர் கோபித்துக்கொண்டு போவார்கள். ஆறு மாதம் கழித்து அவர்களே வேறொருவரைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். ஐம்பத்து மூன்று வயதில் அவரிடம் இருந்தது இந்த நல்ல பெயர்தான்.

அவருடைய வீட்டுக்குப் போனால் வேறு மனிதர். சமையலறைக் குழாய் ஒழுகும். அதன் கீழே வாளி வைத்து ஒரு வருஷமாகிறது. மின்விசிறி கடகடவென்று அடித்துக்கொள்ளும். "ஊர்ல இருக்கிற இன்ஜினெல்லாம் கேக்குது, தலைக்கு மேல சுத்துறது கேக்கல" என்பாள் மனைவி. அவருக்கு நிஜமாகவே கேட்காது.

இந்தத் தொழிலில் 'வீட்டு வண்டி' என்று ஒரு சொல் உண்டு. சொந்தக்காரர்களின் வண்டி, மிக நெருங்கிய சிநேகிதனின் வண்டி. மற்ற வேலையெல்லாம் முடிந்த பிறகு, மிச்சம் இருக்கும் நேரத்தில், மிச்சம் இருக்கும் சாமான்களை வைத்துப் பார்க்கிற வண்டி. பாசம் இல்லாமல் இல்லை. இவர்கள் எங்கே போய்விடப் போகிறார்கள் என்கிற நிம்மதி.

அக்காவின் கார் வீட்டு வண்டி.

அக்காவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள், காலை ஆறரைக்கு, மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அத்தான் பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அதுவரை சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. அறுபத்தொரு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். கைமாறி வந்த சின்ன டர்போ பெட்ரோல் காரை மச்சினன்தான் பார்த்து வாங்கிக் கொடுத்தார். அத்தான் மூன்றாவது கியரைத் தாண்ட மாட்டார்.

"சைக்கிள்காரன்லாம் டாட்டா காட்டிட்டுப் போறான்" என்பாள் அக்கா. டயாலிசிஸ் பற்றிக் கேட்டாலும் இதே வாய்தான். "எனக்கு வெளியில ஃபில்டர் மாட்டியிருக்காங்க. உன் பலகையில தொங்கறதைவிடப் பெரிசு. ஒரு நாளைக்கு வந்து பார்த்து நல்லதா மட்டமான்னு சொல்லு."

அந்தப் புதன்கிழமை, பாதி வழியில், டாஷ்போர்டில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. ஒரு முறை மினுக்கி, அணைந்து, பிறகு நிலையாக எரிந்தது. அது எரிந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்று அத்தானுக்குத் தெரியும். ஆனால் பக்கத்து இருக்கையில் அக்காவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. பத்து நிமிஷம் தாமதமானால் அவளுடைய டயாலிசிஸ் நாற்காலியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆஸ்பத்திரி இன்னும் ஒரு கிலோமீட்டர். அவர் ஓட்டினார். வாசலுக்கு வரும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் கிளம்பி உரசலாக மாறியது. பின்னால் நீலப் புகை. பிறகு இன்ஜின் இரண்டு தடவை இடித்து நின்றுபோனது. வாட்ச்மேனும் இன்னொருவரும் வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள்.

எட்டு மணிக்கு வண்டியை இழுத்துக்கொண்டு வந்து, பத்து மணிக்குள் இன்ஜினின் மேல் மூடியைக் கழற்றிவிட்டார் வடிகட்டி. உள்ளே ஆயில் இல்லை. தார் மாதிரி ஒரு கறுப்புச் சேறு. விரலால் வழித்தார், வழித்த தடம் மூடாமல் அப்படியே நின்றது. கீழே ஆயில் உறிஞ்சும் குழாயின் சல்லடையில் ஊசி நுழையக்கூட இடமில்லை. எப்போதும் மூன்று கிலோமீட்டர் போய் நிற்கிற வண்டி. இன்ஜின் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். பெட்ரோலும் நீராவியும் ஆயிலிலேயே தங்கிக் கெட்டியாகும். "இப்படி ஓடுற வண்டிக்குக் கிலோமீட்டரைப் பார்க்காதீங்க, மாசத்தைப் பாருங்க" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்.

கடைசியில் ஃபில்டரைத் திருகி எடுத்தார். அழுக்கைத் துடைத்ததும் தகரத்தில் சிவப்புப் பெருக்கல் குறி தெரிந்தது.

அவர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். எல்லாம் ஞாபகம் வந்தது. பதினாலு மாதத்துக்கு முன்னால் ஒரு விடுமுறை நாள். அக்கா வண்டிக்கு ஆயில் மாற்ற வேண்டும். சரியான ஃபில்டர் கைவசம் இல்லை, கடை மூடியிருந்தது. யாரையோ பலகை முன் நிறுத்தித் திட்டிப் பிடுங்கி வைத்தது ஒன்று அலமாரியில் கிடந்தது. மரை சரியாகப் பொருந்தியது. வீட்டு வண்டிதானே, அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம். மூன்று டின்களில் மிச்சம் இருந்த மூன்று விதமான ஆயிலை ஒன்றாக ஊற்றினார். அடுத்த வாரம் வரவேயில்லை.

அத்தான் ஷெட் வாசலில் வந்து நின்றார். அக்காவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"லைட் எரிஞ்சுது, மாப்பிள்ளை. நான் நிறுத்தல."

"எவ்வளவு தூரம் ஓட்டினீங்க?"

"ஒரு கிலோமீட்டர் இருக்கும். என்னாலதானே?"

ஃபில்டர் வடிகட்டியின் கையில்தான் இருந்தது. குறி இருந்த பக்கம் உள்ளங்கைக்குள் திரும்பியிருந்தது.

"லைட் எரிஞ்சா உடனே ஆஃப் பண்ணணும்னு சொல்லியிருக்கேன்ல, அத்தான்."

"சொல்லியிருக்கே" என்றார் அத்தான். சாவியை மேஜை மேல் வைத்தார். வைத்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. வடிகட்டி அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் மற்ற வண்டிகளைத் தள்ளி வைத்துவிட்டு இதையே பார்த்தார். புது டர்போ, புது பேரிங், கழுவிக் கழுவித் துடைத்த சல்லடை, சரியான ஆயில், சரியான ஃபில்டர். அந்த மூன்று வாரமும் அக்கா வாடகைக் காரில் போய்வந்தாள். ஒரு நாள் கார் வரவே இல்லை. வேறு பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. மிச்ச நேரத்துக்குத்தான் மெஷினில் போட்டார்கள். அன்று சாயங்காலம் அவள் முகம் வீங்கிக் கண் இடுங்கிப்போயிருந்தது.

மறுநாள் தம்பிக்குப் போன் செய்தாள்.

"மனுஷன் அடுப்பைப் பத்த வைக்கக்கூட என்னைக் கேக்குறாரு. டாக்டர் எனக்கு அளவு வச்ச தண்ணியை ரெண்டு தடவை அளக்குறாரு. ஒரு லைட்டைப் பார்த்து நிறுத்தத் தெரியாதவன்னு தன்னையே சொல்லிக்கிறாரு. நீ என்னடா சொன்னே அவர்கிட்ட?"

"லைட் எரிஞ்சா நிறுத்தணும்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அக்கா போனை வைத்துவிட்டாள்.

வண்டி தயாரானதும் அவரே ஓட்டிக்கொண்டு போனார். கூடத்தில் அத்தான் அக்காவின் அன்றைய தண்ணீரைக் கோடு போட்ட பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தார். சாவியை நீட்டியபோது அத்தான் பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாம். நீயே யாருக்காவது வித்துடு. இன்னொரு தடவை அவளை வச்சிக்கிட்டு நடுரோட்டுல நிக்க என்னால முடியாது."

"அப்ப நான் எதுல போறது? உங்க தோள்லயா?" என்றாள் அக்கா கட்டிலிலிருந்து. குரலில் பழைய கேலி இல்லை.

வடிகட்டி வெளியே போய் டூல் பையைத் திறந்தார். அந்த ஃபில்டரை மூன்று வாரமாக அதற்குள்தான் வைத்திருந்தார், எறியவும் முடியாமல். கொண்டுவந்து, சாவியோடு மேஜையில் பாட்டில் பக்கத்தில் வைத்தார்.

"இது உங்க வண்டியில இருந்தது. இந்தக் குறி நான் போட்டது. வேற ஒருத்தர் கொண்டு வந்ததை, இது உருப்படாதுன்னு நானே கழிச்சுப் போட்டது. அதை எடுத்து இதுல மாட்டிட்டேன். ஆயிலும் மிச்சம் மீதி. பதினாலு மாசம் திரும்பிப் பார்க்கல."

அத்தான் ஃபில்டரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். குமாஸ்தா வேலை பார்த்த கண், மெதுவாகத்தான் படிக்கும்.

"அப்ப நான் நிறுத்தியிருந்தா?"

"டர்போ எப்படியும் போயிருக்கும். இன்ஜின் ஒருவேளை தப்பிச்சிருக்கும்."

"ஆக எனக்கும் பங்கு இருக்கு."

"கொஞ்சம்."

"கழிச்சுப் போட்டதையா எனக்கு மாட்டினே?" என்றாள் அக்கா.

"உனக்கு இல்லக்கா. வண்டிக்கு."

"வண்டி யாருக்குடா ஓடுது?"

அத்தான் பாட்டிலின் மூடியை இறுக்கி, இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்.

"இது அன்னைக்கே உனக்குத் தெரியும். நான் உன் வாசல்ல நின்னப்ப."

"தெரியும்."

"மூணு வாரம்."

"ஆமா, அத்தான்."

அத்தான் எழுந்து சாவியை எடுத்துக்கொண்டார். சண்டை போடவில்லை. அலுவலகத்தில் ஒரு தாளை வாங்கிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்:

"நாளைக்கு நானே ஓட்டிட்டுப் போறேன். ஆனா இனிமே சர்வீசுக்கு வேற இடத்துல விட்டுக்கிறேன், மாப்பிள்ளை. தப்பா நினைச்சுக்காத. அங்க நாங்க வெளி ஆளு. ஒழுங்காப் பார்ப்பாங்க."

அக்கா தனக்காக ஏதாவது சொல்வாள் என்று வடிகட்டி நின்று பார்த்தார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி ஷெட்டைத் தாண்டித்தான். அதன்பிறகு வாரத்தில் மூன்று நாள், ஆறேகாலுக்கு, வடிகட்டி ஷட்டரைத் தூக்கிவிட்டு வாசலில் நிற்பார். கார் மூன்றாவது கியரில் வரும். அக்கா கண்ணாடிக்குப் பின்னால் கையை லேசாக உயர்த்துவாள். அத்தான் பாதையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். வண்டி கடந்த பிறகு வடிகட்டி அதன் புகைக் குழாயையே பார்ப்பார். தெரு முனை திரும்புகிற வரைக்கும் காது கொடுத்துக் கேட்பார். சத்தம் சுத்தமாக இருக்கும். வேறு யாரோ நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.